நகையை வைக்காதீர்கள், ஒரு 7400 ஐசி வாங்கிக் கொடுங்கள்

கேள்வி: சார், நாங்கள் வியாசர்பாடி. வீட்டுக்காரர் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார், பையன் ஒன்பதாவது படிக்கிறான். இப்போதே சிப் டிசைன் படித்தால் பிற்காலத்தில் வேலை உறுதி என்று ஒரு சென்டரில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அவனுக்கும் ரொம்ப ஆசை. நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. பையன் பன்னிரண்டாவது முடித்து, பொறியியலும் முடித்து வேலைக்குப் போக இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. அவ்வளவு முன்னாலேயே வேலைக்கு யாராலும் உறுதி கொடுக்க முடியாது, கொடுக்கிறேன் என்று ஒரு தாயிடம் சொல்வதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் இந்த வயதில் தொடங்கலாமா என்றால், தாராளமாகத் தொடங்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் 7400 என்று கேட்டால் 14 கால் உள்ள ஒரு ஐசி கொடுப்பார்கள், விலை சில பத்து ரூபாய்தான். அதற்குள் நான்கு நேண்ட் கேட் இருக்கும். கேட் என்றால் 0, 1 என்ற உள்ளீடுகளைப் பார்த்து ஒரு 0 அல்லது 1 கொடுக்கும் சின்ன சர்க்யூட். நேண்ட் கேட் இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0 கொடுக்கும், மற்ற நேரமெல்லாம் 1. இந்த ஒரே வகைக் கேட்டை வைத்து மற்ற எல்லாக் கேட்டுகளையும் கட்டிவிடலாம். நான்கையும் சரியாக இணைத்தால், இரண்டு உள்ளீடும் வேறுவேறாக இருந்தால் மட்டும் 1 கொடுக்கும் ஒரு எக்ஸார் கேட் வரும், இன்னொரு 7400-இலிருந்து ஒரு கேட்டைச் சேர்த்தால் இரண்டு பிட்டைக் கூட்டும் சர்க்யூட் தயார். 1-ம் 1-ம் கூட்டினால் 0 போட்டு மனதில் 1 என்பதை அவன் கட்டிய எல்இடியே எரிந்து காட்டும். ப்ராசஸருக்குள் நடக்கும் கூட்டலுக்கும் அடிப்படை இதுதான்.

பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும், 14-ஆம் காலுக்கு 5 வோல்ட், 7-ஆம் காலுக்கு கிரவுண்ட். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஐசி போய்விடும். எல்இடியோடு ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். அப்புறம் முக்கியமாக, உள்ளீட்டுக் காலை எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டால் விளக்கு தன் இஷ்டத்துக்கு எரியும், தனக்கு மூளை இல்லை என்று பிள்ளை சோர்ந்துபோவான், அதனால் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அடுத்து லாஜிசிம், கேட்டுகளைத் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள், பள்ளி லேபில் உள்ள பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் லாஜிக் கேட் பாடம் இருக்கிறது, தெருவில் யாரிடமாவது பழைய புத்தகம் கிடைக்கும். கணக்கை மட்டும் விட வேண்டாம்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன் அண்ணா. இசிஇ இரண்டாம் ஆண்டு, பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நான் போட்ட டிசைன் நிஜ சிப்பாக வருமா, அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு மட்டும்தானா?
- ஒரு வாசகர்

பதில்: வரும் தம்பி. 1978-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சிப் டிசைன் ஆராய்ச்சியாளர் லின் கான்வே நடத்திய பாடத்திலேயே மாணவர்கள் போட்ட டிசைன்கள் சிப்பாகி அவர்கள் கைக்கு வந்தன. பலருடைய டிசைனை ஒன்றாகச் சேர்த்துத் தயாரித்தார்கள், ஷேர் ஆட்டோ மாதிரி செலவு பிரிந்துவிடும். இன்று டைனி டேப்அவுட் என்ற திட்டம் செய்வதும் அதைத்தான். ஃபேக்டரியின் டிசைன் விதிகள் அடங்கிய பிடிகே, முன்பெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும், 2020-இல் கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டருக்கான பிடிகேயை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். லேஅவுட் போட ஓப்பன்லேன் இலவசம், சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் மொழியான வெரிலாக் பழக ஐகாரஸ் என்ற மென்பொருளும் இலவசம். ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸருக்கான கோடையும் திறந்தே வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பார்.

தமிழ் மீடியம் என்று தயங்காதே, வெரிலாக்கில் வரும் சொற்கள் கொஞ்சம்தான், ஐசியின் விவரங்கள் அடங்கிய டேட்டாஷீட் படிப்பது மட்டும் முதலில் மெதுவாகப் போகும். டிசைன் போடுவதோடு நிறுத்தாமல் சரிபார்க்கவும் பழகு, கம்பெனிகளில் அந்த வேலைக்கே நிறைய பேர் தேவைப்படுகிறார்கள். முதலில் 0 முதல் 15 வரை எண்ணும் ஒரு 4 பிட் கவுண்டர் எழுது. 15-க்கு அப்புறம் 0-க்குத் திரும்புகிறதா, நடுவில் ரீசெட் கொடுத்தால் என்ன ஆகிறது என்று சோதிக்கும் டெஸ்ட்பெஞ்சையும் நீயே எழுதிவிட்டு, எங்கே சிக்கியது என்று எனக்கு எழுது.