பத்மினியா, மாருதி 800-ஆ?

திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா வாங்கிய 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியும், 1996ஆம் ஆண்டு மாருதி 800-உம் வீட்டில் நிற்கின்றன. ஒன்றை நிறுத்தத்தான் இடமிருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஊருக்குள்ளும், மாதம் ஒருமுறை கொடைக்கானலுக்கும் ஓட்ட வேண்டும். 2028இல் பத்மினிக்கு வின்டேஜ் எண் வாங்கலாம் என்கிறார் மைத்துனர். எதை வைத்துக்கொள்ளலாம்?"

முதலில் வின்டேஜ் ஆசையைப் பார்ப்போம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது.

பலர் இன்றும் 'ஃபியட்' என்றே அழைக்கும் பத்மினியில் 1089 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். உந்துவிசை பின் சக்கரங்களுக்குப் போகிறது. கியர் ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கிறது. மாருதியிலோ 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் சக்கரங்களை இயக்குகிறது. வண்டியும் எடை குறைவு. உங்கள் தேவைக்கு எஞ்சின் அளவைவிட மலைப்பாதையே முக்கியம். பத்மினியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், கோடையில் மெதுவாக ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். இறங்கும்போதோ நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். சூடேறினால் பிடிப்பு குறையும் என்பதால் இரண்டாவது கியரிலேயே இறங்கப் பழக வேண்டும்.

எஞ்சினில் தீப்பொறிக்கு உதவும் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்யவும், அதிர்வைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனுக்கு முறையாக கிரீஸ் அடிக்கவும் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பத்மினி உழைக்கும். அவருக்கும் வயதாகிறது என்பதை மறக்க வேண்டாம். மாருதிக்கு அந்தக் கவலை குறைவு. இரண்டுமே கார்புரேட்டர் வண்டிகள் என்பதால், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

ஆகவே என் தேர்வு மாருதிதான், ஒரு நிபந்தனையோடு: வண்டியின் இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். விற்பதற்கு முன் இரு வண்டிகளிலும் கால்மிதியைத் தூக்கி, திருப்புளியின் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது; 'பொத்' என்று கேட்டால் உள்ளே துருதான். கதவின் அடி விளிம்பையும், பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் மேலே பொருந்தும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். டைமிங் பெல்ட் போன்ற எஞ்சின் பாகத்தைச் சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் சஸ்பென்ஷன் பொருந்தும் அந்த இடம் துருப்பிடித்தால் ஆகும் வெல்டிங் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

இந்தச் சோதனையில் மாருதி தோற்று பத்மினி தேறினால், பத்மினியை ஊருக்குள் ஓட்ட வைத்துக்கொண்டு, கொடைக்கானலுக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.