மாதம் இரண்டு முகூர்த்தம் வட்டிக்கே போகிறது

கேள்வி: நான் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரைச் சேர்ந்தவன், வயது 21. கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். ஒரு மேளக் குழுவில் இரண்டாம் நாயனம் வாசிப்பதில் முகூர்த்தத்துக்கு 1,500 ரூபாய் கிடைக்கிறது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் 10,000 ரூபாய் வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாய்மாமா மாந்தோப்புக் குத்தகைக்காக அம்மாவின் நான்கு பவுன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 1,50,000 ரூபாய் வாங்கினார். பெங்களூரா மாங்காய்க்கு விலை கிடைக்காததால், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியை அன்று முதல் நான்தான் கட்டுகிறேன். தங்கம் விலை ஏறிவிட்டதால், அதே சங்கிலியின்மேல் இன்னும் 1,00,000 ரூபாய் வாங்கித் தரும்படி மாமா கேட்கிறார். அக்காவின் திருமணத்துக்குச் சீர் செய்ய வேண்டியவர் என்பதால் மறுக்க அம்மா தயங்குகிறார். இதற்கிடையே வகுப்புகளும் தவறுகின்றன. வாசிப்பில் முன்பிருந்த மகிழ்ச்சியும் இல்லை. சொந்த நாயனம் வாங்க 40,000 ரூபாய் தேவை. மாதம் 2,500 ரூபாய் யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) கட்டலாமா, செயலியில் டிஜிட்டல் தங்கம் வாங்கலாமா?

பதில்: அன்புள்ள தம்பி, எதில் சேமிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 1,50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வீதம் மாத வட்டி 3,000 ரூபாய். அது உங்களுக்கு இரண்டு முகூர்த்தங்களின் சம்பாவனை. இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கட்டியது சுமார் 72,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நீங்கள் விரும்பும் நாயனத்தை ஏறக்குறைய இரண்டு முறை வாங்கக்கூடிய தொகை இது. மாமா கேட்பதைப் போல மேலும் 1,00,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 5,000 ரூபாயாகிவிடும். உங்கள் வருமானத்தில் சரிபாதி அதற்கே போய்விடும். தங்கத்தின் விலை ஏறியது உங்கள் அம்மாவின் சொத்து வளர்ந்ததற்கு அடையாளமே தவிர, அதன்மேல் இன்னொரு கடனை ஏற்றுவதற்கான காரணம் ஆகாது. ஆகவே அந்த 1,00,000 ரூபாய்க்கு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சீர் பற்றிய அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் பகுதியில் தாய்மாமன் இல்லாத மணமேடை நிறைவடையாது என்பதும் உண்மைதான். ஆனால் இன்றைய நிலையில் அவர் கொண்டுவரும் சீரின் விலையை வட்டியாக முன்கூட்டியே கட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். இதை அம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். கோபத்தோடு பேசுவதைவிட அது விரைவில் புரியும்.

அடுத்து, கடனை இடம் மாற்றுங்கள். வங்கியிலோ உங்கள் பகுதியின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 1,250 ரூபாய்தான் ஆகும். கடையிலிருந்து நகையை மீட்க ஓரிரு நாள் கைமாற்று வேண்டியிருக்கும். அதை மாமாவே ஏற்பாடு செய்யட்டும். புதிய கடன் அம்மாவின் பெயரில் இருக்க வேண்டும்; வட்டியை மாமா மாதந்தோறும் நேராக அந்தக் கணக்கில் செலுத்த வேண்டும். அசலையும் வட்டியையும் மொத்தமாகத் தீர்க்கும் வகைக் கடனுக்குத் தவணை 12 மாதங்கள்தான் என்பதால், மாங்காய்ப் பருவம் முடிந்ததும் அசலைக் கட்டுவதாக அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்போதும் தரவில்லை என்றால், இன்றைய விலையில் சங்கிலியின் இரண்டு பவுன் மதிப்பே அசலை அடைத்துவிடும். பாதியை விற்று மீதியைக் காப்பாற்றுவதா என்பது அம்மா எடுக்க வேண்டிய முடிவு. என் கருத்தைக் கேட்டால், ஆண்டுக் கணக்கில் வட்டி கட்டி நான்கு பவுனையும் ஏலத்துக்கு விடுவதைவிட அதுவே மேல்.

யூலிப் வேண்டாம். மாதம் 2,500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 30,000 ரூபாய்; நீங்கள் சேமிக்கக்கூடிய தொகை முழுவதும் அதற்கே போய், ஐந்து ஆண்டுகளுக்கு வெளியே எடுக்க முடியாமல் முடங்கிவிடும். நாயனம் உங்களுக்கு இப்போது தேவை. டிஜிட்டல் தங்கத்தில் வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடுகிறது. அது தன் ஒழுங்குமுறைக்குள் வராத பொருள் என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் எச்சரித்திருக்கிறது. அடகில் இருக்கும் தங்கத்தை மீட்காமல் செயலியில் புதுத் தங்கம் வாங்குவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

உங்கள் வருமானம் முகூர்த்தத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதால், மாதம் இவ்வளவு என்று கட்டாயப்படுத்தும் தொடர் வைப்பும் இப்போதைக்குப் பொருந்தாது. அஞ்சலகத் தொடர் வைப்போ ஐந்து ஆண்டுகளுக்கானது. கார்டு இல்லாத தனி சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சம்பாவனை கைக்கு வந்த மறுநாளே அதில் நான்கில் ஒரு பங்கைப் போடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்றால் 30,000 ரூபாய் சேரும். பதினாறு மாதங்களில் நாயனத்துக்கான தொகை கையில் இருக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் குறைவாகப் போட்டால் போதும், ஆனால் எடுக்கக் கூடாது. நாயனத்தில் பொருத்தி ஊதும் சீவாளிக்கான செலவைச் சேமிப்பிலிருந்து எடுக்காமல் மாதச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகிழ்ச்சி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பணக் கேள்விக்குள் அதை எழுதியது சரியே, ஏனென்றால் அதற்கும் இந்தக் கடன்தான் காரணம் என்று நினைக்கிறேன். வட்டிக்காக ஒப்புக்கொள்ளும் அந்த இரண்டு முகூர்த்தங்களை விட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள். அதனால் நாயனத்துக்கான தொகை சேரச் சில மாதங்கள் கூடலாம், பரவாயில்லை. திருக்கோயில் இசைக்கலைஞர் பணிக்கு விண்ணப்பிக்கவும், சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளில் மேலே படிக்கவும் விரும்பினால் இந்த மூன்றாம் ஆண்டுச் சான்றிதழ் துணை நிற்கும். சேமிப்பிலிருந்து 2,000 ரூபாயை மட்டும் ஒதுக்கி, வரும் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு சென்று வாருங்கள். மங்கல இசையோடு தொடங்கும் விழா அது. கேட்பதற்குக் கட்டணம் இல்லை. யாருடைய வட்டியையும் நினைக்காமல் சில நாள்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்தச் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாயனத்தைத் தவணையில் வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பணம் சேர்ந்த பிறகு, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்பவர்களிடம் உங்கள் ஆசிரியரையும் அழைத்துச் செல்லுங்கள். முன்பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அவர் வாசித்துப் பார்த்துச் சுருதி சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு மீதியைத் தாருங்கள்.