பாட்டி எழுதும் சீட்டு

கேள்வி: என் மகன் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். அவனைத் தமிழ் எழுத வைப்பது பெரும்பாடாக இருக்கிறது. பென்சிலை உளியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கிறான். இரண்டு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்று அழுகிறான். ‘ன’, ‘ண’ இரண்டும் குழம்புகின்றன. சொல்வதெழுதுதலுக்கு முந்திய இரவு வீடு ரணகளம். வாரம் இரண்டு நாள் துணைப்பாட வகுப்பு, ஐந்து பயிற்சிப் புத்தகங்கள், ஐபேடில் எழுத்துப் பயிற்சி என எல்லாம் செய்துவிட்டேன். சனிக்கிழமைகளில் என் மாமியார் தேக்கா சந்தைக்குச் சீட்டு எழுதும்போது தானும் எழுதுவேன் என்று பக்கத்தில் போய் உட்காருகிறான். அவர் பழைய ‘லை’ போட்டு எழுதுபவர். இவன் குழம்பிவிடுவான் என்று எழுப்பி அழைத்து வந்துவிடுகிறேன். வேறு என்னதான் செய்வது?
- வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: அம்மா, கடைசிக்கு முந்திய வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளை, வாரத்தில் ஒரு நாள், யாரும் கூப்பிடாமல் தானே போய் எழுத உட்காருகிறான். அவனை எழுப்பி எங்கே அழைத்து வருகிறீர்கள்? ஐந்தாவது பயிற்சிப் புத்தகத்துக்கா?

பழைய ‘லை’ என்று நீங்கள் பயப்படுவது என்ன? யானைத் துதிக்கை போல முன்னால் ஒரு வளைவு. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது வடிவம் மாறியவை 13 எழுத்துகள். 247-இல் 13! ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கும் பெரியது, சிறியது என்று இரண்டு வடிவம் படிக்கிறானே, அதற்காக ஆங்கில ஆசிரியரிடமிருந்து அவனை எழுப்பி வந்தீர்களா? ‘பாட்டி அந்தக் காலத்தில் இப்படி எழுதினார், நீ இப்படி எழுது’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிகிற விஷயம் இது.

உங்கள் வீட்டில் வேறு யார் கையால் எழுதுகிறார்கள்? நீங்கள் கைப்பேசியில் தட்டுகிறீர்கள். உங்கள் கணவரும் அப்படித்தான் இருப்பார். தமிழை ஒரு தேவைக்காக, தாளில், கையால் எழுதுகிற ஒரே ஆள் உங்கள் மாமியார். அவரிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டு, பணம் கொடுத்து வெளியே ஆள் தேடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. பேரன் எதிரிலேயே ‘உங்கள் எழுத்து உதவாது’ என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு சனிக்கிழமையாவது நினைத்தீர்களா?

என் அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதுவார். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே எழுதுவார்: ‘வெண்...டைக்...காய்’. ஒற்று எங்கே விழுகிறது என்று என் காதுக்குப் பிடிபட்டது அந்த இழுப்பில்தான். உங்கள் மகன் குழம்புகிற ‘ண’வுக்கு மருந்தும் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. பூண்டு, நண்டு, சுண்டைக்காய், வெண்டைக்காய்: நான்கிலும் ‘ட’வுக்கு முன்னால் வருவது மூன்று சுழி. டண்ணகரம் என்று அதற்குப் பெயர் வந்ததே அதனால்தான். இதைப் பயிற்சிப் புத்தகத்தில் பத்து முறை எழுதுவதைவிட, பூண்டை உரித்துக்கொண்டே ஒருமுறை எழுதினால் நிற்கும்.

உரிப்பதை வேண்டுமென்றேதான் சொன்னேன். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் இறுகும். ஏழு வயதில் எட்டாவது எலும்பு பெரும்பாலும் இறுகத் தொடங்கியே இருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து அரை மணி நேரம் உட்கார வைத்தால் வலிக்கத்தான் செய்யும். பூண்டு உரிக்கட்டும், நெத்திலித் தலை கிள்ளட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், காயப்போடும் துணிக்குக் கிளிப் மாட்டட்டும். ஐபேட் கண்ணாடியில் விரல் வழுக்கிப் போகும். விரலுக்கு வேலையே இல்லை. அதை நிறுத்துங்கள். துணைப்பாட வகுப்பில் ஒரு நாளைக் குறையுங்கள்.

மதிப்பெண் என்று ஆரம்பிக்காதீர்கள். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்குக்குரிய தேர்வே கிடையாது. கல்வி அமைச்சே விட்டுக்கொடுத்த இரண்டு ஆண்டுகளை நீங்கள் ஏன் பிடுங்கிக்கொள்கிறீர்கள்?

வரும் சனிக்கிழமை முதலில் உங்கள் மாமியாரிடம் போய், ‘அத்தை, இனிமேல் இவன் உங்களோடு எழுதட்டும்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவனை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். சீட்டில் கடைசி மூன்று வரி அவனுடையது. அவர் சொல்ல, இவன் எழுதட்டும். ஒற்றை விட்டு ‘கத்திரிகாய்’ என்று எழுதினாலும் ரப்பரை எடுக்காதீர்கள். அந்தச் சீட்டோடு இருவரும் தேக்காவுக்குப் போகட்டும், காய்கறிக்காரரிடம் அவனே படித்துக் காட்டட்டும். கத்திரிக்காய்தான் நிறுத்துக் கொடுப்பார்.