பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு காடு

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 4 ஏக்கர் புறம்போக்கு கிடக்கிறது. சீமைக் கருவேலம் மண்டி, ஓரமெல்லாம் குப்பை. அங்கே காட்டுப் பூங்கா அமைக்கப் பேச்சு நடக்கிறது. சிலர் மியாவாக்கி என்ற அடர்காடு வளர்க்கும் முறை என்கிறார்கள், சிலர் புல்தரையும் நீரூற்றும் கேட்கிறார்கள். பாம்பு வரும் என்ற பயமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டிவனம்

பதில்: நாற்றங்காலிலேயே காலம் கழித்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன் அம்மா, கன்று வாங்க ஓடாதீர்கள். அடுத்த பெருமழையில் குடையோடு போய், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கி எந்த மூலையில் ஓடிப்போகிறது என்று பாருங்கள். அந்த மூலையில் கரை போட்டு, பள்ளமான இடத்தில் ஒரு குட்டை வெட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-ல் அது மழைநீர் அரித்துப்போன செம்மண் மேடு. வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தியதால்தான் அங்கே மரம் பிழைத்தது. சென்னை அடையாறு பூங்காவிலும், கொட்டிக் கிடந்த இடிபாடுகளை அள்ளி உப்பங்கழிக்கு நீர் வழி திறந்துவிட்டார்கள். 2011-ல் திறந்த அந்த 58 ஏக்கரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் பொக்லைன் விட்டு மொட்டையடிக்க வேண்டாம். வெயிலில் மண் காய்ந்து இறுகிவிடும். நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து எடுங்கள். வெட்டினால் துளிர்க்கும், தூரோடு தோண்ட வேண்டும். எடுத்த இடத்தில் நட்டு, அது நிமிர்ந்த பிறகு அடுத்த பட்டைக்குப் போகலாம்.

என்ன நடுவது என்பதற்கு மரக்கானம் வழியில் இருக்கும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு ஒரு நாள் போங்கள். நம் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காடு அது. ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கிக்கொண்டு மிச்ச மாதங்களையும் இலை உதிர்க்காமல் ஓட்டும். பாலை, வீரை, காசான், காட்டு எலுமிச்சை என்று மரங்கள் எல்லாமே நடுத்தர உயரம்தான். வானளாவிய மரம் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கோ அதைவிட அழகான காடு தெரியாது. களா, காரை, சூரை, இசங்கு ஆகிய முள் புதர்களை மறந்துவிடாதீர்கள். குருவிகள் கூடு கட்டுவது அதற்குள்தான். கொண்டைக்குருவி நாலு வந்து தங்கினால் போதும், நீங்கள் நடாத செடிகளையும் அதுவே எச்சத்தில் விதைத்துவிடும்.

மியாவாக்கியில் சதுர மீட்டருக்கு 3, 4 கன்றுகள் நெருக்கி நடுவார்கள். வேகமாக வளரும், உண்மை. ஆனால் முதல் இரண்டு மூன்று கோடைக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், செலவும் அதிகம். சாலையோரம் தூசிக்கும் இரைச்சலுக்கும் தடுப்பாக ஒரு பட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் ஒன்றுகூட வேண்டாம். புல்தரை கேட்பவர்களுக்கு நுழைவாயிலில் ஒரு திடல் விடுங்கள். உள்ளே ஒற்றையடி மண்பாதை போதும், சருகை யாரும் கூட்டக் கூடாது, கொளுத்தவும் கூடாது.

பாம்பு வரத்தான் செய்யும். இப்போதும் குப்பையில் எலி பிடிக்க வந்துகொண்டுதான் இருக்கும். குப்பையை ஒழித்து, பாதையின் இருபுறமும் ஓராள் அகலத்துக்குச் செடி வெட்டி, இருட்டும் முன் கதவைப் பூட்டச் சொல்லுங்கள்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேம்பு, இலுப்பை, நாவல் விதைகளைக் காயவைத்துச் சேமித்தால் முளைக்காது. ஆனி, ஆடியில் பழம் விழ விழப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி, உடனே மண் நிரப்பிய நாற்றுப் பையில் விதைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்து மண் நனைந்ததும் நட்டுவிடலாம்.