மத நம்பிக்கைக்காக வாதாடுவதை ஏன் ‘அப்பாலஜி’ என்கிறார்கள்? மன்னிப்பா கேட்கிறார்கள்?

இல்லை. ‘அப்போலோகியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தன் தரப்பை எடுத்துச் சொல்வது என்று பொருள். ‘மன்னிக்கவும்’ என்ற அர்த்தம் ஆங்கிலத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்படி வாதாடுவது ஏன் தேவைப்பட்டது? பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருந்தால் தெருவில் கதை கிளம்பும், இல்லையா? ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களுக்கு ரோமில் அதுதான் நடந்தது. ரோமக் கடவுள்களை வணங்காததால் அவர்களை ‘நாத்திகர்கள்’ என்றே சொன்னார்கள்! கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட விளக்கம் எழுதினார். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம், பெரிய தத்துவ வாதம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம், வேதம் வாசிக்கிறோம், அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் பகிர்கிறோம், வசதியுள்ளவர்கள் தரும் காசு அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போவார். சாத்திய கதவைத் திறந்து காட்டுவது மாதிரிதான். அப்படியும் சுமார் பத்து வருடம் கழித்து ரோமில் அவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்.

அப்புறம், அப்பாலஜி என்றால் எதிராளியின் வாயை அடைப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பைபிளில் உள்ள பேதுருவின் முதல் நிருபம் (கடிதம்) கேட்பதோ, விசாரிக்கிறவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்லச் சொல்லித்தான்.