மோனாட்நாக்: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

சிகாகோவின் மோனாட்நாக் கட்டடம் பற்றி எழுதியிருந்தீர்கள். அலங்காரமே வேண்டாம் என்று 1891-லேயே துணிந்த கட்டடக் கலைஞர் ஜான் வெல்போர்ன் ரூட் உண்மையிலேயே புரட்சிக்காரர்தான். ஒரு சந்தேகம். ஒரே கட்டடத்தில் வடபாதியும் தென்பாதியும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கிறதே, ஏன்?

ம.

அன்புள்ள ம.,

அலங்காரம் வேண்டாம் என்றவர் ரூட் அல்ல, பணம் போட்ட பாஸ்டன்காரர் பீட்டர் புரூக்ஸ். சுவரில் எது துருத்திக்கொண்டிருந்தாலும் அழுக்கு அடையும், புறாவும் குருவியும் குடியேறும் என்பது அவர் கவலை. இதில் புரட்சி எங்கே இருக்கிறது? பராமரிப்புச் செலவைக் கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தக் கெடுபிடிக்குள் ரூட் செய்து காட்டியதுதான் கலை. தரைத்தளத்துக்கு மேலே சுவர் மெல்ல உள்வாங்குகிறது. உச்சிக்குப் போனதும் மறுபடி வெளியே விரிகிறது. மூலைகளில் கூர்மை இல்லை. அந்த வளைவுகளுக்கென்றே செங்கற்களைத் தனி அச்சில் வார்த்திருக்கிறார்கள். ஜன்னல்கள் மட்டும் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. வெளிச்சமும் வாடகைக்கு விடும் இடமும் கூடுகிறது என்றால் கொஞ்சம் அழுக்கு பரவாயில்லை போலும்! கட்டடம் முடிந்ததை ரூட் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியாவில் போய்விட்டார், 41 வயது.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். வடபாதியில் வெளிச்சுவர்தான் சுமைதாங்கி. 16 மாடிக்கு அது அடியில் 6 அடி கனம் வேண்டியிருந்தது. ஓர் ஆள் குறுக்கே கால் நீட்டிப் படுக்கலாம். நல்ல வாடகை வரக்கூடிய தெருமட்டத்தில் அவ்வளவு இடமும் செங்கல்லுக்குப் போயிற்று. சிகாகோவின் களிமண்ணும் அந்தப் பாரத்துக்கு இளகிக் கொடுத்தது. கட்டடம் 8 அங்குலம் இறங்கும் என்று ரூட் போட்டிருந்த கணக்கையும் தாண்டி இறங்கியது.

இத்தனைக்கும் பாரத்தைத் தாங்கும் உலோகச் சட்டகம் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1885-லேயே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில் வந்துவிட்டது. 1893-ல் ஹொலபேர்ட் அண்ட் ரோஷ் நிறுவனத்தார் தென்பாதியை எஃகுச் சட்டகத்தில் எழுப்பினார்கள். பாரத்தை எஃகு வாங்கிக்கொள்ள, சுவர் வெறும் போர்வையானது. ஆனால் அந்தப் பாதியில் அலங்கார வளைவுகளும் உச்சியில் கனத்த கார்னிஸும் (வெளியே நீட்டிய விளிம்பு) திரும்பி வந்துவிட்டன. தொழில்நுட்பம் முன்னே போனது, தோற்றம் பின்னே போனது. நீங்கள் கண்ட ஒட்டாமை இதுதான்.

எனக்கு வடபாதிதான் பிடிக்கும். போனால் உள்ளே படிக்கட்டைப் பாருங்கள். அலுமினியம். அன்றைக்குக் கட்டட வேலையில் அபூர்வமான உலோகம். சிக்கனக்காரர் அதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.