தாரமங்கலத்துக் கல் உருண்டை

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. ஊர் சேலம். விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் ரெட்டினைடிஸ் பிக்மெண்டோசா என்ற நோய் இருக்கிறது. இருட்டிவிட்டால் நடக்க முடியாது. பகலிலும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு இதுவரை போனதில்லை. பார்வை முழுதாகப் போவதற்குள் பார்த்துவிட ஆசை. 'அந்த மண்டபத்து இருட்டில் உனக்கு என்ன தெரியப்போகிறது?' என்கிறாள் மனைவி. போகலாமா? விளக்கிச் சொல்லும் செயலி ஏதாவது உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். செயலியை விடுங்கள், கூட வருபவர் வாய் திறந்து பேசினால் போதும்.

எனக்குக் கோபம் உங்கள் மனைவி மேல் இல்லை, உங்கள் மேல்தான். 'பார்வை போவதற்குள்' என்று எழுதுகிறீர்களே, போன பிறகு அந்தக் கோயில் உங்களுக்கு இல்லை என்று யார் சொன்னது? இன்னொரு முறை இப்படி எழுதாதீர்கள்.

ஒரு மாதமாக என் அத்தையின் நினைவாகவே இருக்கிறேன். அவளுக்குக் கண் அழுத்த நோய். வலியே இல்லாமல் ஓரப்பார்வையை முதலில் தின்றது. தெரிய வந்தபோது, போனதை மீட்க வழியில்லை. முழுதும் இருண்டு சில வருடம் கழித்துத்தான் 'தாரமங்கலம் கூட்டிட்டுப் போ கண்ணு' என்றாள். எனக்கு அப்போது 20 வயது. சேலத்திலிருந்து பஸ்ஸில் போனோம்.

அந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் பெரிதாக எடுத்துக் கட்டிய கோயில். அங்கே ராமன் ஒரு தூணில், வாலி ஒரு தூணில். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்றால் ராமன் தெரிய மாட்டான். அத்தை வாலியின் தூணில் கை வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ராமன் தெரியறானா கண்ணு?"

"இல்லைங்கத்தை."

பிறகு ராமன் தூணுக்கு நடத்திப் போகச் சொன்னாள். வழியெல்லாம் அடிகளை எண்ணினாள். "இத்தனை தூரத்துல மறைஞ்சு நின்னா அடிச்சான்?" என்று நிஜமாகவே கோபப்பட்டாள். அதற்கு முன் இரண்டு முறை போயிருந்தும் அந்தத் தூரம் எனக்கு உறைத்ததில்லை.

அப்புறம் அந்த யாளிச் சிங்கம். வாய்க்குள் கல் உருண்டை. உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இதைக் கண்ணால் பார்த்து என்ன ஆகப்போகிறது? வாய்க்குள் ஒரு கல் இருப்பது தெரியும், அவ்வளவுதான். அது உருளும் என்பதும் பல்லில் முட்டி நின்றுவிடும் என்பதும் விரலுக்குத்தான் தெரியும். அதைச் செதுக்கியவன் உளியை உள்ளே விட்டு, விரலால் தடவித் தடவித்தான் பிரித்தெடுத்திருப்பான். கைக்காகச் செய்த வேலை அது. தொட்டுப் பார், கேட்டுப் பார் என்கிற மொழியில் பிறந்துவிட்டு, பார்ப்பதைக் கண்ணுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள். நம் ஊர்ச் சிற்பங்களுக்கும் அப்படிக் கல்லிலேயே நகல்கள் செய்து வைக்கலாம். சிற்பிகளுக்கா நம்மிடம் பஞ்சம்?

சுதையிலும் ஓவியத்திலும் கை வைக்காதீர்கள். கருங்கல் என்றாலும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மெதுவாக.

அன்றைக்கு அத்தை அந்த உருண்டையை உருட்டிக்கொண்டே நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "பஸ் போயிடும், வாங்கத்தை" என்றேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பஸ் அரைமணியில் வந்திருக்கும். மறுபடி கூட்டிப்போக எனக்கு வாய்க்கவில்லை.

காலையிலேயே போங்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உங்கள் கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒன்றும் பிடிபடாது, அதனால் வாசல் பக்கமே கொஞ்ச நேரம் உட்காருங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள். சிங்கத்தின் வாய்க்குள் கை விட்டிருக்கும்போது மட்டும் அவசரப்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.